கருவி யாருடையது?

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: “போர்டு டிசைனை எதில் வரைகிறாய்? அது யாருடையது?” முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு விழிப்பார்கள். “லேப்ல போட்டிருக்காங்க சார்” என்பான் ஒருவன். “ஃபிரண்டு பென்டிரைவ்ல குடுத்தான் சார்” என்பான் இன்னொருவன். லேபில் இருப்பது படிப்பு முடிகிற அன்றோடு கைவிட்டுப் போகும். பென்டிரைவில் வந்தது பெரும்பாலும் திருட்டுப் பிரதியாக இருக்கும். இரண்டில் எதையும் அந்தப் பிள்ளை தன்னுடையது என்று சொல்ல முடியாது.

சிதம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபில் என் உத்தியோகக் காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டின் முன்னறையில் மோட்டார் கன்ட்ரோலர், ஸ்டெபிலைசர் என்று பழுது பார்க்கிறேன். கேட்டு வரும் பிள்ளைகளுக்குப் போர்டு வரையச் சொல்லித் தருகிறேன். எழுபதைத் தாண்டிய இந்த வயதில், இளையவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. தொழில் நம்முடையதாக வேண்டுமென்றால் கருவி நம்முடையதாக வேண்டும். அந்தக் கருவி காலத்துக்கும் நம்மிடம் நிலைக்க வேண்டுமென்றால், அதை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்க வேண்டும்.

முதலாவதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது எப்படிச் சரியாகும் என்று கேட்பார்கள். கணினியில் மின்சுற்றுப் பலகை வரையும் வேலையை வைத்தே அதை விளக்க முயல்கிறேன். நான் அறிந்த தொழில் அது.

பேப்பரும் பென்சிலும் இருந்த காலம்

பிசிபி என்று நாம் சொல்லும் பலகை இல்லாத காலத்தில், ரேடியோவுக்குள் ஒவ்வொரு பாகத்தையும் ஒயரால் இணைத்து ஈயம் வைத்தார்கள். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், 1936 வாக்கில் லண்டனில் ஒயர்களுக்குப் பதிலாகச் செம்புத் தடங்களைப் பலகையிலேயே பதித்து ஒரு ரேடியோ செய்து காட்டினார். இன்று உங்கள் வீட்டு டிவியிலிருந்து செல்போன் வரை எல்லாவற்றுக்குள்ளும் அந்தப் பலகைதான் இருக்கிறது.

நாங்கள் வேலை கற்ற காலத்தில் அதைக் கையால் செய்தோம். கிராஃப் தாளில் பென்சிலால் சர்க்யூட்டை வரைவோம். ஒரு தடம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டாமல் போகும் வழியை அழித்து அழித்துத் தேடுவோம். பிறகு மைலார் ஷீட்டில் இரண்டு மடங்கு அளவில் கறுப்பு டேப் ஒட்டி, கால் நுழையும் இடங்களில் வட்டங்கள் ஒட்டி, அதைப் போட்டோ எடுத்துச் சுருக்குவோம். லேபில் ஒன்றிரண்டு போர்டு போதும் என்றால், செம்புத் தகடு ஒட்டிய பலகையில் பெயின்ட்டால் நேராகத் தடம் வரைந்து, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டுவோம். பெயின்ட் படாத செம்பு கரைந்துபோகும். பிள்ளைகளின் விரல்கள் ஒரு வாரத்துக்கு மஞ்சளாக இருக்கும்.

கஷ்டமான வேலைதான். ஒரு தடம் தவறினால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் தாளும் பென்சிலும் டேப்பும் ஒருமுறை வாங்கினால் நம்முடையவை. வரைந்த படத்தை அலமாரியில் வைத்து, வேண்டும்போது எடுத்துத் திருத்தலாம். நாம் வரைந்ததைப் பார்க்க இன்னொருவரிடம் அனுமதி கேட்கும் நிலை அன்று இல்லை.

பூட்டிக்கொண்ட வரைபடங்கள்

கணினி வந்ததும் வேலை எளிதானது. அதற்கு யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆனால் நல்ல மென்பொருள்களின் விலை எங்களைப் போன்றவர்களின் வருஷச் சம்பளத்தைவிட அதிகம். கல்லூரிகள் சில வாங்கின. வாங்க முடியாத இடங்களில் திருட்டு சிடி புழங்கியது.

ஒரு கல்லூரியில் நான் கண்டது இது. வாங்கிய மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் பணம் ஒரு வருஷம் வரவில்லை. இறுதியாண்டு மாணவர்கள் மாதக்கணக்கில் வரைந்த போர்டுகள் கணினிக்குள்ளேயே இருந்தன, திறக்க முடியவில்லை. போர்டு செய்து தருபவர்களுக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளைச் சிலர் எடுத்து வைத்திருந்தார்கள். அவற்றை வைத்து அதே போர்டை மறுபடி அச்சடிக்கலாம். ஆனால் கெர்பரில் தடம் எங்கே ஓடுகிறது என்பது இருக்குமே தவிர, எந்த யோசனையில் அப்படி ஓட விட்டோம் என்பது இருக்காது. ஒரு ரெசிஸ்டரை மாற்ற நினைத்தாலும் மூல வரைபடம் வேண்டும். உழைத்தது அந்தப் பிள்ளைகள். உழைப்பைத் திறக்கும் சாவியோ வேறு யாரிடமோ இருந்தது.

இதைவிட எனக்கு வலித்தது திருட்டுப் பிரதிதான். லேபில் ஒரு பொருளும் காணாமல் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்வோம். ஒரு ஐசி தொலைந்தால் அபராதம் போடுவோம். அதே லேபில், பூட்டை உடைத்த மென்பொருளில் பாடம் நடந்தால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? வாத்தியார் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பதைக் கற்றுக்கொள்கிறது. வேலைக்குப் போன பிறகு அந்தக் கற்றல் வேறு இடங்களிலும் வெளிப்படும்.

முறையாக வாங்கினாலும் கருவி நிலைக்கும் என்று சொல்ல முடியாது. ஈகிள் என்ற மென்பொருளை நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். ஜெர்மனியில் 1988-ல் வெளிவந்தது. சிறிய போர்டுகளுக்கு இலவசமாகவும் கிடைத்ததால் உலகம் முழுக்க மாணவர்கள் அதில் கற்றார்கள். 2016-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. 2026 ஜூன் 7-ஆம் தேதிக்குப் பிறகு ஈகிளுக்கு விற்பனையும் ஆதரவும் கிடையாது என்று 2023-லேயே அறிவித்துவிட்டது. முன்கூட்டிச் சொன்னது நேர்மைதான். தன் பொருளை நிறுத்தும் உரிமை அதன் உடைமையாளருக்கு உண்டு. நாம் யோசிக்க வேண்டியது நம் பக்கத்தைப் பற்றி. முப்பது வருஷம் ஒரு கருவியில் கைப்பழக்கம் வந்த மனிதன், அந்தக் கருவியின் ஆயுளை வேறொருவர் தீர்மானிக்கும் இடத்தில் ஏன் நிற்க வேண்டும்?

ஒரு வாத்தியார் தொடங்கியது

1992-ல் பிரான்சின் கிரனோபிள் நகரப் பகுதியில், தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்திய ழான் பியர் ஷராஸ் என்ற ஆசிரியர், மின்சுற்று வரையவும் பலகை வடிவமைக்கவும் ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் கீகேட். அவர் அதை விற்கவில்லை. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து வைத்தார்.

இந்த நான்கு உரிமைகளையும் உலகத்தின் முன் கோரிக்கையாக வைத்தவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-ல் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். பிறகு வந்த ஜிபிஎல் உரிமம் ஒரு நிபந்தனையும் சேர்த்தது: நீ மாற்றியதை வெளியே கொடுத்தால், அதையும் இதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும். கீகேட் அந்த உரிமத்தின் கீழ்தான் வருகிறது. ஆகவே ஒருவர் வாங்கிப் பூட்டிவிடலாம் என்ற பயம் இல்லை. அதை எழுதியவரே மனம் மாறினாலும், நம் கையில் இருக்கும் பிரதியைத் திரும்பக் கேட்க முடியாது.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. ஒரு சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஸ்பைஸ் என்ற நிரல், 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. எழுதியவர் லாரன்ஸ் நேகல் என்ற மாணவர். வழிகாட்டிய பேராசிரியர் டொனால்ட் பீடர்சன், அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைப்பதில் உறுதியாக இருந்தார். படித்து வெளியே போன மாணவர்கள் தாங்கள் சேர்ந்த நிறுவனங்களுக்கெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். உலகத்தின் சுற்று வடிவமைப்புத் துறையில் பெரும்பகுதி அதன்மேல் எழுந்தது. அந்த வழியில் வந்த என்ஜிஸ்பைஸ் இன்று கீகேட்டுக்குள்ளேயே இயங்குகிறது.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக்கூடம், உலகத்தின் மிகப் பெரிய துகள் முடுக்கியை இயக்கும் இடம். 2013-லிருந்து அங்குள்ள பொறியாளர்கள் கீகேட்டை மேம்படுத்தும் வேலையில் இறங்கினார்கள். தாங்கள் வடிவமைக்கும் போர்டுகளை மற்றவர்களோடு பகிர விரும்பினார்கள். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் வரைந்ததைப் பகிர்ந்தால், திறந்து பார்க்கவே அடுத்தவரும் அதே விலை கொடுக்க வேண்டும். அதனால் பொதுக் கருவியையே வலுவாக்கினார்கள். ஒரு தடத்தை இழுக்கும்போது குறுக்கே இருக்கும் தடங்கள் தாமாக விலகி வழிவிடும் வசதி, அங்கிருந்து வந்த கொடை. 2019-ல் கீகேட் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்கீழ் வந்தது. ஒரு வாத்தியார் தனியாகத் தொடங்கிய வேலை, அவர் வகுப்பறையைத் தாண்டி, அவர் முகம் அறியாதவர்கள் தாங்கிப் பிடிக்கும் வேலையாக வளர்ந்துவிட்டது.

எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. கீகேட் தன் வரைபடங்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது. நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். நாளை கீகேட்டே இல்லாமல் போனாலும், அறிவுள்ள ஒருவர் அந்தக் கோப்பிலிருந்து போர்டை மீட்டுவிட முடியும். ஈகிளில் வரைந்த ப்ராஜெக்ட்டுகளையும் 2018-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து கீகேட் முழுதாகத் திறக்கிறது. பூட்டிய அறையில் இருந்த பழைய உழைப்பு பலருக்கு அந்த வழியாகத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

தானே புயலுக்குப் பிறகு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தலைமுறையாக வளர்ந்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து விழுந்து, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்பக் கரண்ட் வந்தபோது அழுத்தம் ஏறி இறங்கியதில், தப்பியிருந்த மோட்டார் கன்ட்ரோலர்களும் எரிந்தன.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயிகள் அவற்றைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒரு வகை கன்ட்ரோலரைச் செய்த கம்பெனி அதற்குள் மூடிவிட்டிருந்தது. சர்க்யூட் படம் யாரிடமும் இல்லை. போர்டில் இருந்த ஐசிகளின் எண்களை, மற்றவர் அறியக் கூடாது என்று செய்தவர்களே சுரண்டியிருந்தார்கள். பயிர் காய்கிறது, தண்ணீர் இறைக்க வழியில்லை, காரணம் சுரண்டப்பட்ட ஒரு எண். ஒளித்து வைத்த அறிவு யாரைக் கடைசியில் தண்டிக்கிறது என்பதை அந்த ஜனவரியில் கண்ணால் பார்த்தேன்.

நானும் கூட இருந்த இரண்டு பிள்ளைகளும் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுத் தொட்டு, எது எதோடு சேர்கிறது என்று எழுதினோம். பக்கத்துக் கடையின் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மடிக்கணினிக்குச் சார்ஜ் போட்டு, கீகேட்டில் படம் வரைந்தோம். இன்டர்நெட் கிடையாது. அந்த மென்பொருள் உரிமம் சரிபார்க்க எங்கேயும் அனுமதி கேட்கவில்லை. எங்கள் கணினியில் இருந்தது, எங்களுக்கு வேலை செய்தது. புயலும் வெள்ளமும் வந்து போகும் கடற்கரை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வரைந்த படத்தைக் குறிஞ்சிப்பாடி, வடலூர் மெக்கானிக்குகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தோம். அதன் பிறகு அந்த வகை கன்ட்ரோலர் பழுதானால், விவசாயி கடலூர் வரை வர வேண்டியிருக்கவில்லை.

கிள்ளை இறால் குட்டை

புவனகிரியிலிருந்து ஒரு மாணவி வந்தாள். அவளுடைய சித்தப்பா கிள்ளைப் பக்கம் இறால் குட்டை குத்தகைக்கு எடுத்திருக்கிறார். குட்டையில் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் ஏரேட்டர்கள் இரவில் நின்றுபோனால், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து இறால் சாகத் தொடங்கும். விடிந்து பார்த்தால் ஒரு போக முதலும் போயிருக்கும். மூன்று பேஸில் ஒன்று போனாலும் ஆபத்துதான், மோட்டார் எரிந்துவிடும். கரண்ட் போனால் உடனே போனுக்கு அழைப்பு வர வேண்டும். அதற்கு ஒரு போர்டு செய்ய வேண்டும் என்றாள்.

“முதல்ல குட்டைக்குப் போய் ஒரு ராத்திரி இருந்து பாத்துட்டு வாம்மா” என்று அனுப்பினேன். உப்புக் காற்றில் கதவுக் கீல் எப்படித் துருப்பிடித்திருக்கிறது, ஒயரை எலி எங்கே கடிக்கிறது, போன் சிக்னல் ஷெட்டின் எந்த மூலையில் கிடைக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் கீகேட்டைத் திறந்தோம்.

போனில் அழைக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல், சிக்னல் அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய தடம் போட்டால் மின்னழுத்தம் சரிந்து மாட்யூல் அணைந்து அணைந்து எழும். தடத்தின் அகலம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட கீகேட்டுக்குள்ளேயே வசதி இருக்கிறது. வழக்கமான 35 மைக்ரான் செம்பில், 2 ஆம்பியருக்கு, சூடு 10 டிகிரிக்குமேல் ஏறாமல் இருக்க ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் வேண்டும். அவள் அதைவிடத் தாராளமாகவே போட்டாள். 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும், கை படும் பக்கத்துக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும் என்று மென்பொருளுக்கு விதி எழுதி வைத்தோம். ஓர் இடத்தில் தடம் அந்த எல்லையைத் தாண்டியபோது சோதனை உடனே சுட்டிக்காட்டியது. உப்புக் காற்றில் ஈரம் படியும் ஊரில், அந்தச் சில மில்லிமீட்டர்கள் மனித உயிரைக் காப்பவை.

போர்டை ஆர்டர் செய்யும் முன் ஒரு வேலை உண்டு. படத்தை அசல் அளவில் பேப்பரில் அச்செடுத்து, வாங்கி வைத்த பாகங்களை அதன்மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது, கடையில் வாங்கிய ரிலேயின் கால்கள் கீகேட்டின் பாக நூலகத்தில் இருந்த வடிவத்தோடு பொருந்தவில்லை. வெர்னியர் காலிப்பரால் அளந்து, அந்த ரிலேக்குப் புது வடிவம் வரைந்தாள். பத்து ரூபாய் பேப்பர் வேலை, வீணாகப் போகவிருந்த போர்டுகளைக் காப்பாற்றியது. செய்து வந்த போர்டுகளுக்கு உப்பு ஏறாமல் வார்னிஷ் பூச்சு அடித்துக் குட்டையில் மாட்டினோம்.

போர்டு வேலை செய்தது. பிறகு அவள் தன் வரைபடங்களையும் அந்த ரிலே வடிவத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டாள். பரங்கிப்பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியன் அதை எடுத்து, போனோடு சைரனும் அலறும்படி மாற்றினார். மாற்றியதை அவளுக்கே திருப்பி அனுப்பினார். சித்தப்பா குட்டையில் இப்போது சைரன் இருக்கிறது. கொடுத்தது குறையவில்லை, கூடி வந்தது. பொதுவாக வைத்தால்தான் கருவி நம்மிடம் நிலைக்கும் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் பொருள்.

ஜெனீவாவின் முடுக்கிக்குப் போர்டு வரையும் பொறியாளரும், கிள்ளைக் குட்டைக்குப் போர்டு வரையும் புவனகிரிப் பெண்ணும் ஒரே கருவியில் வேலை செய்கிறார்கள். மாணவர் பதிப்பு என்று குறைத்துக் கொடுத்தது எதுவும் இதில் இல்லை. எங்கள் தலைமுறைக்கு இது கிடைக்காத பேறு.

நம் நாட்டில் நடப்பவை

மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய ஃபாசி திட்டம், மத்திய அரசின் கல்வி அமைச்சக நிதியில் நடப்பது. அங்கே கீகேட், என்ஜிஸ்பைஸ் போன்ற பொது மென்பொருள்களைச் சேர்த்து ஈசிம் என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். முன்பு அதற்கு ஆஸ்கேட் என்று பெயர். சுற்றை வரைவது, கணக்குப் பார்ப்பது, பலகை வடிவமைப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். அங்கிருந்தே வந்த ஸ்போக்கன் டுட்டோரியல் பாடங்கள், சிறு சிறு பகுதிகளாக, கேட்டுக்கொண்டே கூடச் செய்து பார்க்கும்படி அமைந்தவை. தமிழ் உட்பட நம் மொழிகள் பலவற்றில் அந்தப் பாடங்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத் தருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் சேர்த்தே ஓர் இயக்கம் நடக்கிறது. கணியம் அறக்கட்டளை இவற்றைப் பற்றித் தமிழில் எழுதி, எழுத வைத்து வருகிறது. சம்பளத்துக்கு ஒரு வேலை செய்துவிட்டு, விடுமுறை நாளை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்கிறவர்கள் இவர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சிதம்பரத்தில் 1920-ல் மீனாட்சி கல்லூரியாகத் தொடங்கி, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக எழுந்த கல்விச்சாலையை நம்பித்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல மேலே வந்தன. நெல் விற்ற பணத்தில் பீஸ் கட்டிய அப்பாக்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் பிள்ளை, படித்து முடித்து ஊருக்குப் பஸ் ஏறும்போது கையில் சான்றிதழோடு, நாளைக் காலையிலேயே வேலை தொடங்க ஒரு முழுக் கருவியும் இருக்க வேண்டும். இன்று அது முடியும். ஆசிரியர்கள் நினைத்தால் போதும்.

வாங்கியவர்களின் கடமை

இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது சரியில்லை. இந்தப் பக்கத்து விவசாயிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோழர் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி ஆயிரம் வருஷத்துக்குமேல் தண்ணீர் தருகிறது. அதுபோன்ற ஏரி குளங்கள் நிலைத்ததற்குக் காரணம் குடிமராமத்து. பாசனம் பெறுகிற ஒவ்வொருவரும் கோடையில் இறங்கி வண்டல் எடுத்தார்கள், கரையைக் கட்டினார்கள். தண்ணீர் எடுக்க ஆள் இருந்து, மண் எடுக்க ஆள் இல்லாமல் போனால் ஏரி தூர்ந்துவிடும். கட்டற்ற மென்பொருளின் கதையும் அதேதான்.

கீகேட்டை எழுதுகிறவர்களுக்கும் வயிறு உண்டு. நன்கொடையாலும், ஆதரிக்கும் நிறுவனங்களாலும், சொந்த நேரத்தைக் கொடுக்கும் தன்னார்வலர்களாலும் அது நடக்கிறது. அதை வைத்துச் சம்பாதிக்கிற ஒவ்வொருவரும் வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பணம் இல்லாத மாணவருக்கும் வழி உண்டு. நம் கடைகளில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, கனெக்டர்களின் அளவுகளைச் சரியாக எடுத்து வடிவம் வரைந்து பகிரலாம். பிழை கண்டால், எப்படி வந்தது என்று ஒழுங்காக எழுதி அனுப்பலாம். மெனுவில் இருக்கும் சொற்களைத் தமிழாக்கலாம். தன் ஜூனியர் ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரலாம்.

நடைமுறையையும் சொல்லிவிட வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் விலை கொடுத்த மென்பொருள்தான் புழங்குகிறது. அங்கே வேலைக்குப் போனால் அதையும் கற்றுக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. தடத்தின் அகலம், கிரவுண்டின் ஒழுங்கு, சூடு போகும் வழி, மின்னழுத்த இடைவெளி ஆகியவற்றை ஒன்றில் சரியாகக் கற்றவருக்கு இன்னொன்றில் பட்டன் இருக்கும் இடம் பழகச் சில வாரம் போதும். கீகேட்டில் சந்தேகம் வந்தால் இலவசமாகப் போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. படித்து, தேடி, தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் தொழில் முழுவதும் கூட வரும்.

மாணவர்களே, உங்கள் முதல் போர்டை உங்களுக்கு உரிமையுள்ள கருவியில் வரையுங்கள். அது ஒரு எல்இடியை மினுக்கும் போர்டாக இருந்தாலும் பரவாயில்லை. மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் பத்திரமாக வையுங்கள். ஆசிரியர்களே, லேபில் இருக்கும் திருட்டுப் பிரதிகளை இந்த வருஷமே அழித்துவிடுங்கள். இனி அதற்கு ஏழ்மையைக் காரணம் சொல்ல முடியாது. மெக்கானிக் தம்பிகளே, போர்டு செய்து விற்றால் சர்க்யூட் படத்தைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள். நீங்கள் இல்லாத காலத்திலும் அந்தப் பொருள் ஓட வேண்டும்.

நான் வரைந்த போர்டுகள் அத்தனையின் மூலக் கோப்புகளையும், பழைய கிராஃப் தாள் படங்களிலிருந்து மறுபடி வரைந்தவை உட்பட, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டு வருகிறேன். அதில் எது வேண்டுமானாலும் எடுங்கள், மாற்றுங்கள், விற்றுப் பிழையுங்கள். மாற்றியதைப் பூட்டி வைக்காமல் அடுத்தவருக்கும் கொடுங்கள். ஒரு மூத்தவனாக உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.